விறகு அடுக்காத வருடம்

கிவிலாத்தி, மிச்சிகன்
2024 ஆகஸ்ட் 28

அன்புத் தங்கை ஹெல்மிக்கு,

அண்ணன் ரெய்னோ எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அரிசோனா வெயில் மூட்டுக்கு நல்லது என்று நீ அங்கே போனாய். பலன் இருந்தால் சந்தோஷம். இங்கே ஏரிக்காற்று இப்போதே மேல்சட்டை கேட்கிறது.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பேச்சு பாதியில் தடுமாறும் என்பது உனக்குத் தெரியும். எழுதினால் வரிசையாகச் சொல்ல முடிகிறது. விஷயம் நம் ஆர்வோவைப் பற்றியது.

டோனா போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வீட்டுக்குப் போய் வருகிறேன். ஆரம்பத்தில் அழுதான். பிறகு கோபப்பட்டான். மனைவியை இழந்த தம்பி அழுவதும் கோபப்படுவதும் எனக்குப் பயமாக இல்லை. இப்போது இரண்டும் இல்லை. சாந்தமாக இருக்கிறான். அதுதான் என்னவோ செய்கிறது.

போன வாரம் நாயைப் பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரருக்குக் கொடுத்துவிட்டான். கேட்டதற்கு, "அதுக்கு ஓடறதுக்கு எடம் வேணும்ணா" என்றான். அவன் வீட்டைச் சுற்றி நாற்பது ஏக்கர் காடு. இந்த ஞாயிறு போனபோது சமையலறை மேசையில் பழைய துணி விரித்து, துப்பாக்கிகளைப் பிரித்துப் போட்டு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். வேட்டைக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பால் எடுக்கப் போனேன். குளிர்பெட்டிக் கதவில் மான் வேட்டை லைசென்ஸ் இல்லை. வசந்த காலத்திலேயே அது வந்து, மீன் வடிவக் காந்தத்தின் கீழ் தொங்கும். ஐம்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். இந்த வருடம் காந்தம் மட்டும் இருந்தது.

துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறவன் வேட்டைக்கு லைசென்ஸ் வாங்காமல் இருப்பானா? நான் வேட்டைக்காரன் இல்லை. மருந்துக்கடை வைத்திருந்தவன். தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
ரெய்னோ


டூசான், அரிசோனா
2024 செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணனுக்கு ஹெல்மி எழுதுவது,

நலம். முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், பரவாயில்லை. உன் ரத்த அழுத்தம் எப்படி?

கடிதத்தைப் படித்தபின் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதில் "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்க என்ன இருக்கிறது அண்ணா? நாயைக் கொடுத்தவன் எதற்குத் துப்பாக்கியைத் துடைக்கிறான் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். சொல்லப் பயம். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

இங்கே பக்கத்து வீட்டில் ஒரு வக்கீல் இருக்கிறார். ஊர் பெயர் சொல்லாமல் கேட்டேன். நம் மிச்சிகனில் இந்த வருடம் புதிய சட்டம் அமலுக்கு வந்திருக்கிறதாம். கூடப்பிறந்தவர்களே நேரடியாக நீதிபதியிடம் மனுக் கொடுக்கலாம். ஆபத்து உண்டு என்று அவருக்குப் பட்டால் போலீஸ் வந்து துப்பாக்கிகளை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு வருடம். சிறை இல்லை, தண்டனை இல்லை. வருடம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சளிக்கு மருந்து மாதிரிதான்.

நீ கையெழுத்துப் போடு. என் பெயரைச் சேர்க்காதே. இவ்வளவு தூரத்தில் இருப்பவள், ஏப்ரலில் டோனாவின் அடக்கத்துக்கு வந்தபிறகு அவனைக் கண்ணால் பார்க்காதவள், என் பெயர் இருந்தால் மனுவுக்குத்தான் பலவீனம். நான் சொன்னேன் என்றும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

தாமதிக்காதே. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பக்கத்தில் இருந்த உன்னை நான் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

ஹெல்மி


கிவிலாத்தி
2024 செப்டம்பர் 21

அன்புத் தங்கைக்கு,

சுகம். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது; காரணம் தெரிந்தது என்பதால் கவலையில்லை. உன் ஊசி பலன் தந்ததா?

நீ சொன்னது முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேராக நீதிமன்றத்துக்குப் போக மனம் வரவில்லை. இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் நினைவிருக்கும். யாராவது மனம் சரியில்லாமல் இருந்தால் கூட்டாளி ஒருவன் போய், "என்னோடது கோளாறு பண்ணுது, இந்த சீசனுக்கு உன்னோட துப்பாக்கிய இரவல் கொடுடா" என்பான். எதற்குக் கேட்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பனி உருகியதும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நானும் அப்படியே கேட்டுப் பார்த்தேன்.

"ஆர்வோ, இந்த வருஷம் நானும் வேட்டைக்குப் போலாம்னு இருக்கேன். உன் துப்பாக்கி எல்லாம் கொஞ்ச நாள் இரவல் தாயேன்."

"எல்லாமா?"

"எது தோதுப்படும்னு பாக்கணும்ல."

என்னை மேலும் கீழும் பார்த்தான். டோனா போனபிறகு அன்றைக்குத்தான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

"பதினாலு வயசுல அப்பா உன்ன காட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. மானப் பாத்துட்டு நீ வாந்தி எடுத்த. எழுபத்தாறு வயசுல வேட்டைக்குப் போறியா? போய் மாத்திரை எண்ணுண்ணா."

என் வாயில் அந்த வார்த்தை பொய்யாகத்தான் ஒலித்தது. பெர்னி கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். பெர்னி அவனுடைய வேட்டைக் கூட்டாளி, முப்பது வருடப் பழக்கம். பெர்னியிடம் போகலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் அவனிடம் சொன்னால் மாலைக்குள் காபிக் கடைக்குத் தெரியும். தம்பியின் துக்கம் ஊர்ப் பேச்சாகிவிடும். நீதிமன்றம் என்றால் காகிதம், கதவு மூடிய அறை; விஷயம் வெளியே போகாது என்று கணக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை மனு கொடுத்தேன். நீதிபதி அன்றைக்கே தற்காலிக உத்தரவு போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஷெரிப் அலுவலகத்திலிருந்து இரண்டு வண்டிகள் அவன் வீட்டுக்குப் போயின. சாலையில் போன வண்டிக்காரர்கள், தபால்காரர், எதிர்வீட்டு ஸ்டீன் தம்பதி. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வண்டியில் அடுக்க அரைமணி நேரம் ஆயிற்றாம். நம் அப்பாவின் பழைய துப்பாக்கியும் அதில் போய்விட்டது. ஆர்வோ வாசலில் கைகட்டி நின்றானாம்.

மதியத்துக்குள் காபிக் கடைக்குத் தெரிந்துவிட்டது. என் கணக்கு இவ்வளவுதான்.

மாத இறுதியில் விசாரணை. இரண்டு தரப்பும் வர வேண்டும். நீ வீடியோவில் கலந்துகொள்ளலாம் என்று குமாஸ்தா சொன்னார். கட்டாயம் இல்லை. முடிந்தால் வா. உன் முகம் தெரிந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

ரெய்னோ


டூசான்
2024 செப்டம்பர் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமே. உன் கடிதம் கண்டு நிம்மதி. நல்ல காரியம் செய்தாய்.

விசாரணை அன்றைக்கு எனக்கு மருத்துவரிடம் நேரம் குறித்திருக்கிறார்கள், மாற்ற முடியாது. நீ எப்போதும் எதையும் முழுமையாகச் செய்கிறவன். உன்னால் முடியும்.

மாத்திரையை விடாமல் சாப்பிடு.

ஹெல்மி


கிவிலாத்தி
2024 அக்டோபர் 3

அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்றே எழுதுகிறேன். மருத்துவர் என்ன சொன்னார்?

விசாரணை முடிந்தது. நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி, இந்தப் பக்கத்துக்காரர்தான், பேச்சிலேயே தெரிந்தது. ஆர்வோ டோனாவின் சவ அடக்கத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். என் பக்கம் திரும்பவில்லை.

மனுவில் எழுதியதை நான் எழுந்து நின்று சொன்னேன். நாய், எண்ணெய், லைசென்ஸ். நீதிபதி ஆர்வோவைக் கேட்டார்.

"லைசென்ஸ் ஏன் வாங்கல?"

"எனக்கு வாங்கத் தெரியாதும்மா. வருஷா வருஷம் டோனாதான் வாங்குவா, முன்னாடி கடையில, இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல. வந்ததும் கதவுல மாட்டி வெப்பா. எனக்கு அந்த பாஸ்வேர்டு எல்லாம் தெரியாது."

ஹெல்மி, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஐம்பது வருடம் அந்தக் காந்தத்தைப் பார்த்திருக்கிறேன். அதை மாட்டியது யார் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீதிபதி வேறு கேள்வி கேட்டார்.

"வீட்டுக்குச் சூடு எப்படி, கேஸா?"

"விறகு அடுப்பு."

"எப்பவும் எப்ப அடுக்கி முடிப்பீங்க?"

"ஜூலைக்குள்ள."

"இந்த வருஷம்?"

அவன் கை கோட்டின் பித்தானுக்குப் போனது.

"நாளைக்கு அக்டோபர் பொறக்குது. எவ்வளவு வெட்டியிருக்கீங்க? பாதி?"

"வெட்டல."

"யார்கிட்டயாச்சும் சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப ஜனவரிக்கு என்ன பண்றதா இருந்தீங்க, மிஸ்டர் கோர்பேலா?"

விறகு இல்லாமல் ஜனவரியைத் தாண்ட முடியாத இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு ஒருவனால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீதிபதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பித்தான் கையோடு வந்துவிட்டது.

கடைசியாக என்னிடம் கேட்டார்: "குடும்பத்துல வேற யாருக்காவது இதே பயம் உண்டா? இல்ல, நீங்க மட்டும்தானா?"

"நான் மட்டும்தான்" என்றேன்.

தற்காலிக உத்தரவின் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்கு உத்தரவை உறுதி செய்தார். வெளியே வந்தபோது ஆர்வோ தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். கிட்டே போனேன். "உனக்கு விறகு நான் ஏற்பாடு பண்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் கதவை மூடிக்கொண்டு போய்விட்டான்.

நேற்று ஒரு லாரி விறகு அனுப்பினேன். திருப்பி அனுப்பவில்லை. அதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

ரெய்னோ


கிவிலாத்தி
2024 நவம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

நீயும் உன் குடும்பமும் சௌக்கியமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் தவறியிருக்கலாம். அல்லது முழங்கால் மறுபடி தொந்தரவு செய்கிறதோ என்னவோ. இரண்டு வரி போடு.

பதினைந்தாம் தேதி வேட்டை தொடங்கியது. வழக்கம்போலப் பள்ளிக்கூடம் விடுமுறை, கடைகளில் எங்கும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைகள். நான் ரொட்டி வாங்கப் போனவன் காபிக் கடையில் கொஞ்சம் உட்கார்ந்தேன். பெர்னி தன் கூட்டத்தோடு இருந்தான்.

"ஏய் ரெய்னோ! நான்கூட இந்த வருஷம் மீன்பிடி லைசென்ஸ் வாங்கலப்பா. தூண்டிலப் பிடுங்க போலீச அனுப்பிடாத!"

எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறும் பெண்கூடச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் பெரிதாகும்.

பெர்னி கிளம்பும்போது என் மேசைக்கு வந்து குனிந்தான். இப்போது சிரிப்பு இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் போய் இரவல் கேட்டு எடுத்துட்டு வந்திருப்பேன். ஈ காக்காய்க்குத் தெரிஞ்சிருக்காது. முதல் நாள் வேட்டை, அவன் ஜன்னல்கிட்ட உக்காந்து ரோட்டைப் பாத்துட்டு இருக்கான். ஐம்பது வருஷத்துல மொத தடவை. நீ படிச்சவன், உனக்குக் காகிதத்துல எழுதுனாத்தான் எதுவும் நெஜம்."

அவன் சொல்வது தவறு என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போகிறேன். கதவு திறப்பதில்லை. புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இதுவரை வருகிறது.

ரெய்னோ


டூசான்
2024 டிசம்பர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலம்தானே? கிறிஸ்துமஸ் வேலையில் எழுத முடியவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஒரு நல்ல செய்தி. ஆர்வோ எனக்குப் போன் செய்தான். ஒரு மணி நேரம் பேசினான். டோனாவைப் பற்றித்தான் அதிகம். குளிர்காலத்தை எங்களோடு கழிக்க வா என்றேன். வருகிறேன் என்றான்! ஜனவரி முதல் வாரம் வருகிறான். பின்னறையைத் தயார் செய்கிறோம்.

உன்னைப் பற்றியும் பேச்சு வந்தது. மனு விஷயம் எனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டான். அண்ணன் எதையும் யோசித்துத்தான் செய்வான், அவன் மனதில் என்ன இருந்ததோ என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? இந்த நேரத்தில் அவனுக்கு நம்மில் ஒருவராவது வேண்டும். உனக்குப் புரியும்.

அவன் இங்கே இருக்கும்போது கடிதத்தில் பழையதை எல்லாம் எழுத வேண்டாம். சில சமயம் தபாலை அவன்தான் எடுத்து வருவான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். ஒரு கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

ஹெல்மி


கிவிலாத்தி
2025 ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

காலுறை வந்தது. அளவு சரியாக இருக்கிறது. நன்றி.

ஆர்வோ உன்னிடம் இருப்பது நல்லது. அவனுக்குக் காலையில் காபியோடு ஏலக்காய் ரொட்டி வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் எழுது, பார்சல் அனுப்புகிறேன். கடையில் வாங்கியதாகச் சொல். இரவில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்தான் தூங்குவான்.

உன் கடிதத்தில் எழுதியிருந்த மற்றது புரிந்தது.

இங்கே நல்ல பனி. நான் சுகம்.

ரெய்னோ


டூசான்
2025 பிப்ரவரி 17

ரெய்னோவுக்கு,

ஹெல்மி எழுது எழுது என்று தொல்லை செய்வதால் எழுதுகிறேன். ரொட்டி வந்தது. கடையில் வாங்கியது இல்லை என்று கட்டியிருந்த நூலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் மருந்துக்கடை நூல்.

நான் நன்றாக இருக்கிறேன். ஹெல்மியின் பேரப்பிள்ளைகளுக்கு மரத்தில் படகு செய்து கொடுக்கிறேன். இங்கே தண்ணீர் கிடையாது, மணலில் ஓட்டுகிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த பையன்களில் ஒருவனுக்கு நான்தான் பேஸ்பால் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அப்பாவின் துப்பாக்கியைத் தூக்கும்போது "மன்னிச்சிருங்க மாமா" என்றான். நீ எங்கே இருந்தாய்? உன் வீட்டில், திரைச்சீலையை மூடிக்கொண்டு. எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுப் பக்கம் வந்து புகைபோக்கியைப் பார்க்கும் வேலை இனி வேண்டாம். ஏப்ரலில் திரும்புகிறேன். பார்த்தால் பேச வேண்டாம்.

ஆர்வோ


கிவிலாத்தி
2025 மே 11

அன்புத் தங்கைக்கு,

உன் நலத்தை வேண்டுகிறேன். என் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, இலையுதிர் காலத்தில் எடுப்பார்கள்.

ஆர்வோ திரும்பிவிட்டான். நேரில் பார்க்கவில்லை, சொன்னார்கள். எடை கூடியிருக்கிறானாம். புதிதாக ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறான். இரண்டு நாள் முன்னால் ஏரிச் சாலையில் என் வண்டியும் அவன் வண்டியும் எதிரெதிரே வந்தன. இந்த ஊரில் அந்நியனுக்குக்கூட ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவோம். நான் தூக்கினேன். அவன் தூக்கவில்லை.

நீ அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டாய். அதற்கு உனக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ரெய்னோ


டூசான்
2025 செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நீண்ட நாளாக எழுதவில்லை, கோபிக்காதே. கண் சிகிச்சைக்குத் தேதி கிடைத்ததா?

இந்த மாதத்தோடு அந்த உத்தரவு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் மனுக் கொடுத்தவர்தான் மறுபடி கேட்க வேண்டுமாம். தயவுசெய்து கேட்காதே. அவன் நன்றாக இருக்கிறான். வாரம் இரண்டு முறை பேசுகிறோம். லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று என் பேரன் போனிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டான்.

இன்னொன்று. நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு நான் அங்கே வருகிறேன், ஆர்வோ வீட்டில். நாம் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று! அவனுக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். நீ தப்புச் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னதே இல்லை என்கிறான். சொல்லிவிடேன் அண்ணா. என்ன குறைந்துவிடும்? யோசித்துப் பார், ஒன்றும் நடக்கவில்லையே. அவன் கல்லுமாதிரி இருக்கிறான். ஒரு லைசென்ஸை வைத்து நீ கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாய் என்று எனக்கும்கூட இப்போது படுகிறது. வயதானால் பயம் கூடத்தான் செய்யும், அதில் வெட்கம் இல்லை.

நீ மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகும். உனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்கிறேன்.

ஹெல்மி


கிவிலாத்தி
2025 நவம்பர் 18

அன்புத் தங்கை ஹெல்மிக்கு,

சுகம். கண் சிகிச்சை முடிந்தது. எழுத்து தெளிவாகத் தெரிகிறது. இந்தக் கடிதம் நேர்கோட்டில் இருந்தால் காரணம் அதுதான்.

நீ சொன்னபடி உத்தரவை நீட்டிக்கக் கேட்கவில்லை. கேட்க என்னிடம் காரணம் இல்லை. துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இரவுகளைப் பற்றி எழுத மாட்டேன்.

மன்னிப்புக் கேட்பதையும் செய்துவிட்டேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இந்த ஞாயிறு போனேன். வேட்டையின் இரண்டாம் நாள். அவன் கார் கொட்டகையில் நல்ல கொம்புள்ள மான் ஒன்று தலைகீழாகத் தொங்கியது. பார்க்காமல் இருக்க முயன்றேன். ஆர்வோ கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான். நாய்க்குட்டி குரைத்தது.

"என்ன, தனியா வந்திருக்க? வண்டி ரெண்டும் பின்னால வருதா?"

"தனியாத்தான் வந்தேன்."

"குளிருது. சொல்ல வந்ததச் சொல்லு."

வழியில் மூன்று முறை சொல்லிப் பார்த்திருந்தேன். "போன வருஷம் நான் பண்ணினது தப்பு, ஆர்வோ. அவசரப்பட்டுட்டேன். லைசென்ஸ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். நீ மன்னிக்கணும்."

அவன் கத்தியைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான்.

"ஹெல்மி சொல்லச் சொன்னாளா?"

"இல்ல… ஆமா."

"அவ பாவம். ஒண்ணும் தெரியாது அவளுக்கு. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும், அவ்வளவுதான் அவளுக்கு." கத்தியை உறையில் போட்டான். "நீ நெஜமாவே தப்புன்னு நெனைக்கிறியா?"

"தெரியலடா."

"எனக்குத் தெரியும்." நாய்க்குட்டியைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை, அதன் காதைப் பார்த்துப் பேசினான். "நான் வெள்ளிக்கிழமைன்னு வெச்சிருந்தேன். வியாழக்கிழமை வரைக்கும் கொஞ்சம் வேலை பாக்கி இருந்துச்சு. நீங்க செவ்வாய்க்கிழமை வந்துட்டீங்க."

நான் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஊர்ல கேட்டா நீ தப்புன்னுதான் சொல்வேன். சொல்லிட்டுதான் இருக்கேன். பெர்னி நம்புறான். ஹெல்மி நம்புறா. அவங்ககூட என்னால உக்காந்து சாப்பிட முடியுது, பேச முடியுது. உன்கூட முடியாது. நீ நேரா உள்ள பாத்துட்ட. டோனாவுக்குக்கூட நான் காட்டாதது அது. உன் மூஞ்சியப் பாக்குறப்பல்லாம் அந்த வெள்ளிக்கிழமைதான் தெரியுது."

"ஆர்வோ…"

"கோவம் இல்ல. இருந்தா எப்பவோ தீர்ந்திருக்கும். நீ வராத, அவ்வளவுதான். வர்ற வாரம் விருந்துக்கும் வராத." பிறகு, நான் எழுந்து நின்றதும், "ரோட்டுல பனி இறுகியிருக்கு. மெதுவா ஓட்டு" என்றான்.

மெதுவாகத்தான் ஓட்டி வந்தேன்.

ஹெல்மி, இதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் துப்பாக்கிகள் இப்போது அவன் வீட்டில் இருக்கின்றன. என்னால் அந்தப் பக்கம் போக முடியாது. நீதான் வாரம் இரண்டு முறை பேசுகிறவள். அவன் குரல் எப்போதாவது மிகவும் சாந்தமாகிவிட்டால் நீ கவனிக்க வேண்டும். அப்போது எனக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காதே. அந்த முறை கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும்.

நான் சொன்னதாக அவனிடம் காட்டிக்கொள்ளாதே. இந்த ஊரில் நான் தப்புச் செய்தவன். அது அப்படியே இருக்கட்டும், உன் வீட்டிலும். அவன் நிற்க அந்த இடம் வேண்டும்.

விருந்துக்கு எனக்குத் தட்டு வைக்க வேண்டாம். நீ இங்கே வரும்போது நேரம் இருந்தால் என் வீட்டுக்கு வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போ. இல்லையென்றாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு கடிதத்திலும் உடம்பு எப்படி, மனம் எப்படி என்று கேட்டு எழுதுகிறோம். இந்த முறை நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். தம்பி நலம். கண்ணால் பார்த்துவிட்டேன். மனுவில் நான் கேட்டதும் அவ்வளவுதான்.

உன் அண்ணன்,
ரெய்னோ